31 ஐ அழித்து 32 எழுதிய பிள்ளை

தவணை முடியப் போகிறது. ஊரில் உள்ள கொமினிகேஷன் கடைகளில் இப்போது நல்ல கூட்டம். வாப்பாமார் ஒரு கையில் மோட்டார் சைக்கிள் திறப்பும் மறு கையில் ஒரு துண்டுக் கடதாசியுமாக நிற்கிறார்கள். துண்டில் "கணித ஒப்படை, தரம் 10, எண் கோலங்கள்" என்று இருக்கும். கடைத் தம்பி நெட்டில் தேடி, பன்னிரண்டு பக்கம் இறக்கி, கலரில் அடித்து, பைண்ட் பண்ணி, முன்னட்டையில் பிள்ளையின் பெயரையும் போட்டுக் கொடுக்கிறார். பிள்ளை அதைக் கொண்டு வந்து எங்கள் மேசையில் வைக்கிறது. நாங்கள் பத்துக்கு ஒன்பது போடுகிறோம்.

கடைத் தம்பியில் பிழை இல்லை, அவர் வியாபாரம் செய்கிறார். வாப்பாவையும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. பிழை கணித ஆசிரியர்களாகிய எங்களில்தான். இதைச் சொன்னால் சக ஆசிரியர்கள் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

போன வருடம் தரம் 10 பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்த ஆய்வு இது. ஒரு வட்டம் வரையுங்கள். பரிதியில் புள்ளிகள் குறித்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளுடனும் நேர்கோட்டால் இணையுங்கள். வட்டம் எத்தனை துண்டுகளாகப் பிரிகிறது? 2 புள்ளிக்கு 2 துண்டு. 3 புள்ளிக்கு 4. 4 புள்ளிக்கு 8. 5 புள்ளிக்கு 16. கோலத்தைக் கண்டுபிடித்து 6 புள்ளிக்கு விடை எழுதுங்கள்.

வகுப்பு முழுக்க 32 என்று எழுதியிருந்தது. ஒரு பிள்ளையின் தாளில் மட்டும் அந்த 32 க்குக் கீழே அழிறப்பர் தேய்த்த தடம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 31 தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டோம். "நாலு தரம் எண்ணினேன் டீச்சர், 31 தான் வந்திச்சு. கோலம் பிழைக்குதே என்டு 32 எழுதினேன்."

அந்தப் பிள்ளை எண்ணியது சரி. விடை 31 தான். வெட்கக்கேடு என்னவென்றால், நாங்கள் உட்கார்ந்து தயாரித்த புள்ளித்திட்டத்திலும் 32 என்றுதான் இருந்தது. எங்களில் ஒருவர்கூட ஆறு புள்ளி வைத்து வரைந்து எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

ஏன் 31? ஒரு வெறும் வட்டம் ஒரே துண்டு. ஒவ்வொரு நாணும் ஒரு துண்டைக் கூட்டுகிறது. அந்த நாண் உள்ளே வேறு நாண்களை வெட்டினால், ஒவ்வோர் இடைவெட்டுக்கும் இன்னொரு துண்டு கூடுகிறது. ஆகவே துண்டுகள் என்பது 1, நாண்கள், உள் இடைவெட்டுகள் மூன்றினதும் கூட்டுத்தொகை. 4 புள்ளிக்கு 1 + 6 + 1 = 8. 5 புள்ளிக்கு 1 + 10 + 5 = 16. 6 புள்ளிக்கு 1 + 15 + 15 = 31. 7 புள்ளிக்கு 1 + 21 + 35 = 57. இரண்டின் வலுக்கள் போலத் தெரிந்தது தற்செயல். இதை விளங்குவதற்கு உயர்தரக் கணிதம் தேவையில்லை, கூட்டல் தெரிந்தால் போதும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கவராயத்தை ஆரை அளவிலேயே வைத்து ஆறு புள்ளிகளைச் சமனாகக் குறித்த பிள்ளைக்கு 30 தான் வரும். மூன்று நாண்கள் மையத்தில் ஒன்றாகச் சந்திப்பதால் ஒரு துண்டு காணாமல் போகிறது. 31 வந்த பிள்ளையையும் 30 வந்த பிள்ளையையும் ஒரே வாங்கில் இருத்தி "ஏன் வித்தியாசம்?" என்று கேட்டிருந்தால், எங்கள் வகுப்பில் அன்றைக்கு உண்மையான கணிதம் நடந்திருக்கும். நாங்கள் 32 க்குச் சரி போட்டுக்கொண்டிருந்தோம்.

நல்ல கணித ஆய்வு அந்தப் பிள்ளை அழித்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. "32 வரும் என்று நினைத்தேன், 31 வந்தது, திரும்ப எண்ணினேன், வேறு வட்டம் வரைந்தேன், அப்போதும் 31" என்ற நாலு வரி, பைண்ட் பண்ணிய பன்னிரண்டு பக்கத்தை விடப் பெறுமதியானது. அதற்குப் பிறகு ஓர் அட்டவணை, ஏன் அப்படி வருகிறது என்பதற்கு ஒரு நியாயம், எந்த நிபந்தனையில் அது சரிவராது என்று ஒரு வரி. இவ்வளவுதான் ஆய்வு.

"எத்தனை பக்கம் எழுதணும் டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்பதும் எங்களிடமிருந்து பழகியதுதான். 18ஆம் நூற்றாண்டில் ஒயிலர் வைத்த அனுமானத்தின்படி, நான்கு ஐந்தாம் வலுக்களைக் கூட்டினால் இன்னோர் ஐந்தாம் வலு வராது. 1966 இல் லாண்டர், பார்க்கின் என்ற இருவர் கணினியில் தேடி 27, 84, 110, 133 ஆகியவற்றின் ஐந்தாம் வலுக்களைக் கூட்டினால் 144 இன் ஐந்தாம் வலு வருகிறது என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரை வெறும் இரண்டு வசனம். எங்கள் மேசைக்கு வந்திருந்தால் "போதாது, பிரிஸ்டல் போர்ட்டில் செய்து வா" என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

நாங்கள் எங்கே இதைப் பழகினோம்? கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் எங்கள் ஒப்படைகளில் பாதி, மூத்த பிரிவினரின் கோப்புகளைப் பார்த்து எழுதியவை. அட்டை, பொருளடக்கம், நன்றியுரை எல்லாம் அழகாக இருந்தன. "இந்த முடிவு உங்களுக்கு எப்படி வந்தது?" என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் இப்போது யாரிடமும் கேட்பதில்லை.

நாற்பது பிள்ளைகள், பாடத்திட்டம் முடிக்க வேண்டும், சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள் பழக்க வேண்டும், இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எங்களுக்கும் அதே நெருக்கடிதான். ஆனால் பன்னிரண்டு பக்கத்தைப் புரட்டுவதற்கு எடுக்கும் நேரத்தில் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கலாம். "இந்த எண் எங்கிருந்து வந்தது?" கடையில் வாங்கிய ஒப்படை அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

இந்தத் தவணை எங்கள் பாடசாலையில் கணித ஒப்படைக்கு நாலு பக்கத்துக்கு மேல் ஏற்க மாட்டோம். கையெழுத்தில் இருக்க வேண்டும். முன்னட்டைக்கு மார்க்ஸ் இல்லை. பிழைத்ததை அழிக்காமல் ஒரு கோடு போட்டு வெட்டினால் போதும், அந்த வெட்டலுக்கும் மார்க்ஸ் உண்டு. ஆய்வைக் கொடுப்பதற்கு முன் நாங்களே ஒரு தரம் செய்து பார்ப்போம்.

அந்தப் பிள்ளைக்கு அன்று 6 போட்டிருந்தோம். தாள் அழுக்கு, அட்டை இல்லை என்பது காரணம். கூப்பிட்டு விசாரிக்கும்போது கணிப்பீட்டுப் புள்ளிகள் மேலே போய்விட்டன, திருத்த வழியில்லை என்றார்கள். பிள்ளை இப்போது தரம் 11 இல் இருக்கிறது. வகுப்பு முழுவதற்கும் முன்னால் நின்று 31 தான் சரி என்று நாங்கள் சொன்னோம். சொல்லி முடிய பின் வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பி, "அப்ப எங்களுக்குப் போட்ட ஒன்பது?" என்று கேட்டான்.