கொம்பனித்தெரு: பள்ளிவாசல் இருக்கிறது, மஹல்லா எங்கே?

கொழும்பு 2 என்றால் இப்போது பலருக்கும் வானளாவிய கட்டடங்கள்தான் ஞாபகம். எனக்கு வேகந்த ஜும்ஆப் பள்ளிவாசல்தான் ஞாபகம் வரும். 1786இல் எழுந்தது அது. அதைச் சுற்றி மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் எல்லோரும் ஒரே ஒழுங்கைக்குள் வாழ்ந்த இடம் கொம்பனித்தெரு.

2010 மே மாதம் மியூஸ் வீதி வீடுகள் படையினரின் பாதுகாப்போடு இடிக்கப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்ததும் அந்த ஆண்டுதான். உறுதி வைத்திருந்தவர்களும், மாநகர சபைக்கு வரி கட்டியவர்களும்கூட ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டார்கள். பின்னர் ஆட்சிகள் மாறின, அணுகுமுறை பெரிதாக மாறவில்லை.

ஒழுகும் கூரையையும் பொதுக் கழிவறையையும் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேறெங்கோ ஒரு தொடர்மாடியில் சுமார் 400 முதல் 500 சதுர அடி கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்ததா? வாசலில் இடியப்பம் அவித்து விற்ற தாய் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பார்? மின்தூக்கி பழுதான நாளில் ஜனாஸாவை எப்படி இறக்குவது?

பள்ளிவாசலில் கைவைத்தால் நம் அரசியல்வாதிகள் அறிக்கை விடுகிறார்கள். மஹல்லாவே கலைந்தபோது அவ்வளவு சத்தம் கேட்கவில்லை. அடுத்த ஒழுங்கையை அளக்க ஆள் வருமுன், அதே இடத்தில் வீடு, அதற்கு முழு உறுதி என்பதை அவர்கள் எழுத்தில் வாங்கித் தர வேண்டும்.