சனிக்கும் சரக்குக்கும் நடுவில் ஒரு ஊர்

காரைக்கால் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டே விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று திருநள்ளாறு. இன்னொன்று... அதைச் சொல்லவே வேண்டாம், சனிக்கிழமை சாயங்காலம் எல்லை தாண்டி வருகிற பைக்குகளைப் பார்த்தாலே தெரியும் :-)

சனி பகவானுக்காக ஒரு கூட்டம், சரக்குக்காக ஒரு கூட்டம். இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. வந்த வேலை முடிந்ததும் ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுவார்கள்.

இதைக் கொஞ்சம் கணக்குப் பாடம் மாதிரி போட்டுப் பாருங்கள். திருநள்ளாறுக்கு வரும் பக்தர் என்ன செலவு செய்கிறார்? நள தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, எள் தீபம், அர்ச்சனைத் தட்டு, வண்டி நிறுத்தக் கட்டணம், ஒரு சாப்பாடு. அவ்வளவுதான். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி மாதிரியான நாட்களில் அந்தச் சின்ன ஊர் மூச்சுவிட முடியாமல் திணறும். ஆனால் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் காரைக்கால் நகரத்தின் வரவுப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் ஏறாது. பேருந்து அப்படியே அடுத்த நவக்கிரகக் கோயிலுக்குப் போய்விடும். இல்லையென்றால் நாகூர், வேளாங்கண்ணி.

அப்படி இந்த ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லையா? அரை நாள் நடந்தால் போதும், பதில் கிடைத்துவிடும்.

முதலில் காரைக்கால் அம்மையார் கோயில். மாங்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதைக்குள் இருக்கும் வியாபாரத்தைப் பலர் கவனிப்பதில்லை. புனிதவதியின் அப்பா தனதத்தன் வணிகர்களின் தலைவர். கணவன் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. மனைவி சாதாரணப் பெண் இல்லை என்று தெரிந்து பயந்துபோன அவன், சரக்கு வாங்கிக்கொண்டு கப்பல் ஏறித்தான் ஊரைவிட்டுப் போகிறான். (இது வேறு சரக்கு!) 12ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் எழுதும்போதே காரைக்கால் என்றால் கடல் வணிகர்களின் ஊர். அறுபத்து மூவரில் அம்மையாரை மட்டும் உட்கார்ந்த கோலத்தில் வைத்திருப்பார்கள், மற்ற நாயன்மார்கள் நிற்பார்கள். ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், கீழே பெரிய கூட்டம் கை நீட்டி நிற்கும். ஒருமுறையாவது அந்தத் தெருவில் நின்று பார்க்க வேண்டும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் தேற்றரவு அன்னை ஆலயம். உயரமான மணிக்கோபுரம் தூரத்திலிருந்தே கண்ணில் படும். பக்கத்திலேயே மஸ்தான் சாகிப் தர்கா. கந்தூரி சமயத்தில் ஊரே திரண்டு நிற்கும். கோயில், மாதா கோயில், தர்கா மூன்றையும் ஒரே காலையில் ஆட்டோ இல்லாமல் பார்த்துவிடலாம்.

அடுத்து பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன அடையாளங்கள். 1739ல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து இந்த ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. நடுவில் ஆங்கிலேயர்கள் சில தடவை பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். 1954 நவம்பர் 1ம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுதாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16ல். பாண்டிச்சேரியில் மஞ்சள் சுவர்களுக்கு முன் நின்று போட்டோ எடுப்பவர்கள், அதே பிரெஞ்சுக்காரன் ஆண்ட காரைக்காலில் ஒரு படம்கூட எடுப்பதில்லை.

இந்தக் கடற்கரைக்கு இன்னொரு கதையும் உண்டு, அது அவ்வளவு அழகானதல்ல. 19ம் நூற்றாண்டில் ரியூனியன், மார்த்தினீக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். அடிமை முறையை 1848ல் பிரான்ஸ் ஒழித்துவிட்டது, தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், அதனால்தான். பாண்டிச்சேரியைப் போல காரைக்காலும் அந்தக் கப்பல்கள் புறப்பட்ட இடம். இன்று குவாதலூப்பில் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தா எங்கிருந்து வந்தார் என்று தேடினால், தேடல் இந்த மணலில் வந்து முடியலாம். இதைச் சொல்லி ஒரு பெரிய பலகை, நல்ல தமிழில், கடற்கரைச் சாலையில் இருக்க வேண்டாமா?

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

காவிரியின் கிளையான அரசலாறு காரைக்காலில் கடலில் கலக்கிறது. ஆற்றங்கரை ஓரமாகவே நடந்தால் கடற்கரை வந்துவிடும். வருகிறவர்கள் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டு, அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் காரைக்கால்மேடு இருக்கிறது. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் அதன் பெயரைப் பார்க்க முடியாது. ஆனால் காரைக்கால் என்ற ஊரைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

விடியற்காலையில் போக வேண்டும். ஃபைபர் படகுகள் கரை ஏறும். வலையிலிருந்து மீனைப் பிரித்துக் கூடையில் கொட்டுவார்கள், ஏலம் நடக்கும், பெண்கள் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்கக் கிளம்புவார்கள். விலை எப்படி உருவாகிறது என்று பி.காம் புத்தகத்தில் நாலு பக்கம் படிப்பதை இங்கே நாலு நிமிடத்தில் பார்த்துவிடலாம். வரத்து அதிகமானால் விலை எப்படிச் சரிகிறது என்பதற்கு வரைபடம் தேவையே இல்லை!

பிரான்சில் மத்தியதரைக் கடலோரம் மார்சேய் என்று ஒரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே பழைய துறைமுகத்தில் காலை வேளையில் மீனவர்கள் படகிலிருந்து இறக்கிய மீனை அப்படியே கரையில் வைத்து விற்பார்கள். அதைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்த நகரத்தின் வழிகாட்டிப் புத்தகங்களில் அந்த மீன் சந்தைக்குத் தனி இடம் உண்டு. அதே காட்சி காரைக்கால்மேட்டில் நடந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். மீன் அங்கேயும் மீன்தானே?

அதற்காகக் காரைக்கால்மேட்டை உடனே ஒரு 'பீச் ரிசார்ட்' ஆக்கிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. செய்யக் கூடாதது அதுதான்.

அந்த மணல் சும்மா கிடக்கும் இடமல்ல. படகு ஏற்ற, வலை காயப்போட, கிழிந்த வலையைப் பின்ன, கருவாடு உலர்த்த அந்த மணல்தான் வேண்டும். ஒரு கம்பெனிக்குத் தொழிற்சாலைக் கட்டடம் எப்படியோ, மீனவனுக்குக் கடற்கரை அப்படி. அதன் நடுவே நாற்காலியும் குடையும் போட்டால் வருமானம் யாருக்கோ, நஷ்டம் அவர்களுக்கு. ஏற்கெனவே அவர்களுக்கு நஷ்டம் குறைவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. காரைக்கால்மேடும் அதில் தப்பவில்லை. 2025 ஜனவரி 28ல் நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு ஒன்றின் மீது இலங்கைக் கடற்படை சுட்டதில் மீனவர்கள் காயமடைந்தார்கள், 13 பேர் கைதானார்கள். இதற்கு மேல் வருடத்துக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்.

கடற்கரையோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதற்குப் பாண்டிச்சேரியே சாட்சி. 1980களின் இறுதியில் அங்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். இந்தக் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அந்தச் சுவர் அதைத் தடுத்துவிட்டது. வடக்கே இருந்த நகரத்தின் மணல் கரைந்துபோய், கடைசியில் கருங்கல் கொட்டி அரணாக்க வேண்டியதாயிற்று. எத்தனையோ காலம் சுற்றுலாப் பயணிகள் அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்துதான் 'பீச்' பார்த்தார்கள்.

"வளர்ச்சியே வேண்டாம் என்கிறீர்களா? வேலைவாய்ப்பு எங்கிருந்து வரும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டிகிரி முடித்த பையன்கள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகும் ஊரில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் பெரிய முதலீடு இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. திருநள்ளாறிலிருந்து கடற்கரைக்கு ஒரு சுற்றுப் பேருந்து. கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்குவது. மீனவப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் நடத்தும் மீன் சாப்பாட்டுக் கடை. சுத்தமான கழிப்பறை. நாலு தகவல் பலகைகள். காரைக்கால்மேட்டில் எது செய்வதானாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். இந்தப் பணம் ஒரே ஓட்டல் முதலாளியின் ஐந்தொகையில் போய் உட்காராது, பல வீட்டு அடுப்புகளுக்குப் பிரிந்து போகும்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் சில கடமை உண்டு. காயும் வலையை மிதிக்காதீர்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் மணலில் விட்டுவராதீர்கள் (இரண்டாவது கூட்டத்தார் இதை இரண்டு தடவை படிக்கவும்). முடிந்தால் கொஞ்சம் மீன் வாங்குங்கள், பேரம் பேசாமல்.

அடுத்த முறை ஏழரைச் சனிக்குப் பரிகாரம் செய்ய வீட்டில் கிளம்பினால் கூடவே போங்கள். நள தீர்த்தத்தில் அவர்கள் முழுக்குப் போடட்டும். ஆனால் முதல் நாள் ராத்திரியே வந்து காரைக்காலில் தங்கச் சொல்லுங்கள். விடிகாலை காரைக்கால்மேடு, அப்புறம் அம்மையார் கோயில், மாதா கோயில், தர்கா, அதற்கப்புறம் திருநள்ளாறு. சனி பகவான் மெதுவாக நடப்பவர் என்றுதான் சொல்வார்கள், மந்தன் என்றே அவருக்கு ஒரு பெயர். அவரைப் பார்க்க வருகிறவர்கள் மட்டும் எதற்கு இத்தனை அவசரமாக ஓட வேண்டும்?