இணையத்தின் வாயிலும் கற்றல் குறைபாடு உடையோரும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

கற்றல் குறைபாடோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உடையவர்கள் கணினியையும் இணையத்தையும் தம் கையாலும் தம் பெயராலும் பயன்படுத்தும் உரிமை உடையவர்கள் என்பதும், அதற்குப் பெருந்தடையாக நிற்பது இணையதளங்களை அமைப்போரின் அசிரத்தையே என்பதும் எமது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

எழுத்தையும் எண்ணையும் வரிசை பிறழாமல் மனத்தில் நிறுத்த இடர்ப்படும் ஓர் இளைஞர், தம் அலைபேசியில் ரயில் டிக்கெட் எடுக்க அமர்கிறார் என்று கொள்வோம். பெயரும் வயதும் ஊரும் நிதானமாகப் பூர்த்தி செய்துவிட்ட அவரை, கோணல்மாணலாகச் சிதைத்து வரைந்த ஆங்கில எழுத்துகள் வழிமறிக்கின்றன. அவற்றைக் கடந்தால், ஓடிபி எண் திரையின் மேல்விளிம்பில் கணப்பொழுது தோன்றி மறைய, 96 என்பதை 69 என்று இட்டு, திருத்தப் புகுமுன்னே அவகாசம் தீர்ந்து, பூர்த்தி செய்தவை யாவும் அழிந்து, முதற்பக்கத்துக்கே திரும்ப நேர்கிறது. போகவேண்டிய ஊரும் நாளும் அவருக்குத் தெளிவாகத் தெரியும், பணமும் அவருடையதே. ஆயினும் இறுதியில் அலைபேசியைத் தம்பியிடம் நீட்டுகிறார். அதனோடு கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கின் அந்தரங்கமும் கைமாறுகின்றன.

தளம் தமிழில் இருந்தால் போதும் என்று கருதுவோரும் உளர். தமிழ் அவசியம்தான், ஆனால் ஒலியில் பின்வரும் உயிர், எழுத்தில் முன்னே நிற்கும் ‘கெ’ போன்றவையும், குறி இருபுறமும் சூழ்ந்த ‘கொ’ போன்றவையும் வாசிப்பில் தடுமாறுவோருக்குத் தனிப் பிரயாசை தரக்கூடியவை என்பதையும், அலுவலகத் தமிழின் நெடுவாக்கியங்கள் அப்பிரயாசையை மேலும் பெருக்குகின்றன என்பதையும் அவர்கள் சிந்திக்கவேண்டும். எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் வசதி இன்று அநேகமாக எல்லா ஸ்மார்ட்போன்களிலும் உண்டு. அரசாணையை அச்சிட்டு, ஸ்கேன் செய்து, வெறும் படமாக ஏற்றிவிட்டால் அவ்வசதி பெரும்பாலும் ஊமையாகிவிடுகிறது.

சட்டம் எம் பக்கமே நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அங்கீகாரம் பெற்றது. அமிலவீச்சுக்கு ஆளானோரும் பார்வைக் குறைபாடு உடையவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் ஷரத்து காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தளத்தில் பிரவேசிக்க மனப்பாடத்தையோ, பார்த்து எழுதுவதையோ ஒரே வழியாக வைத்தலாகாது என்னும் விதியை, இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2023இலேயே சேர்த்துவிட்டது.

மோசடிக்காரர்களிடம் பிள்ளை சிக்கிவிடுமோ என்று அஞ்சி அலைபேசியையே மறுக்கும் பெற்றோரின் கவலையை நாங்கள் நன்கு அறிவோம். எங்களுள் பெற்றோரே மிகுதி. எனினும், முப்பது வயதான ஒருவருக்கு நண்பரோடு தனியே பேசும் சுதந்திரத்தையும் மறுத்துவிட்டு அதனைப் பாதுகாப்பு என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. சிறு தொகை மட்டும் வைத்த தனிக் கணக்கு, சந்தேகம் எழுந்தால் உடனே அழைக்க நம்பகமான ஒருவர், அருகமர்ந்து பொறுமையோடு பழக்கும் சில மாதங்கள் ஆகியவற்றையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

அரசும் வங்கிகளும் தம் தளங்களில் கால அவகாசத்தை நீட்டித்துக்கொள்ளும் வசதி தரவேண்டும்; பிழை நேர்ந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் திருத்த இடம் வேண்டும்; எந்தப் புதிய சேவையும் பொதுமக்களிடம் வருமுன், இக்குறைபாடு உடையவர்களையே அழைத்து, அவர்களது நேரத்துக்கு உரிய ஊதியமும் அளித்துச் சோதிக்கப்படவேண்டும் என்று கோருகிறோம்.