மண்ணும் அறமும்

பிறந்த மண் எவ்வழி செல்லினும் உடன்செல்வதே பற்று என்பார்க்கு, அமெரிக்கப் படைத்தலைவர் சார்ச்சு தாமசின் வாழ்வே மறுமொழி. 1816-இல் வர்சீனிய மாநிலத்தில், அடிமைகளை வைத்திருந்த குடியில் பிறந்தவர் அவர். 1861-இல் அம்மாநிலம் பிரிந்தபோது அம்மண்ணினரான இலீ அதனுடன் சென்றார். தாமசோ ஏற்ற உறுதிமொழி தவறாது ஒன்றியப் படையிலேயே நின்றார். உடன்பிறந்த மகளிர் உறவறுத்தனர்.

1863-இல் சிக்கமாகாவில், தலைமைப் படைத்தலைவரே களம் நீங்கிய பின்னும், அந்திவரை பாறையென நின்று படையைக் காத்தார். 1864-இல் நாசுவிலில், மேலிடம் விரைவுபடுத்தியும் பனிக்கட்டி உருகும்வரை பொறுத்திருந்து, இரண்டே நாளில் பகைப்படையைச் சிதறடித்தார். அங்கு அவர் ஆணையின்கீழ்க் கறுப்பின வீரரும் போரிட்டனர்.

தன்வரலாறு எழுதாமலே 1870-இல் மறைந்தார். எழுதிவைத்த கிராண்டும் செர்மனும் புகழில் ஓங்கினர். இவர் பெயரோ மங்கியது. மண்ணின் பிழைக்குத் துணைபோவது பற்றன்று; அப்பிழையை எதிர்த்து நிற்பதே பற்று!