விழுந்து முடிச்ச தண்ணியும் விழப் போற தண்ணியும்

சொந்த ஊர் தென்காசி. அதனால அருவின்னா எனக்குப் பார்க்குற சமாச்சாரம் இல்லை, குளிக்கிற சமாச்சாரம். குத்தாலம் போய்ட்டு தலை நனையாம திரும்புனவனை எங்க ஊர்ல ஒரு மாதிரியாத்தான் பார்ப்பாங்க.

போன ஆகஸ்ட் கடைசியில மச்சினன் ஊர்லேர்ந்து கலிஃபோர்னியா வந்திருந்தான். யோசமிட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். "கோடை முடியுற நேரத்துல அருவியில என்ன இருக்கும்?"னு நண்பர்கள் கிண்டல் பண்ணாங்க. பாதி நியாயம்தான். அங்கே அருவிகள் மலை மேல உருகுற பனியை நம்பி இருக்கு. 2,425 அடி உயர யோசமிட்டி அருவி பெரும்பாலான வருஷங்கள்ல ஆகஸ்ட்ல வெறும் பாறைச் சுவராத்தான் நிக்கும். ஆனா மெர்சிட் ஆத்துல இருக்கிற வெர்னல், நெவாடா ரெண்டும் வருஷம் பூரா ஓடும்.

ஹேப்பி ஐல்ஸ்லேர்ந்து மிஸ்ட் டிரெயில் வழியா ஏறுனோம். வெர்னல் உச்சி வரைக்கும் போக வர சுமார் 4 கிலோமீட்டர், 1,000 அடி ஏத்தம். அதுல 600க்கு மேல கருங்கல் படிக்கட்டு. வசந்த காலத்துல சாரல் அடிச்சு படியெல்லாம் வழுக்கும். ஆகஸ்ட் கடைசியில படி காய்ஞ்சு கிடக்கும். முட்டிவலி தங்கமணியே புலம்பாம ஏறுனாங்கன்னா பாத்துக்குங்க :-) குடும்பத்தோட போக இதுதான் சரியான நேரம்ங்கிறது என் கட்சி.

வம்பு உச்சியில ஆரம்பிச்சது. வெர்னலுக்குக் கொஞ்சம் மேல எமரால்டு பூல்னு ஒரு குளம். பச்சைத் தண்ணி, சலனமே இல்லை. "குளிக்கத் தடை"ன்னு போர்டு. போர்டைத் தாண்டி நாலஞ்சு பேர் குளிச்சிட்டும் இருந்தாங்க. மச்சினன் சட்டையைக் கழட்டிட்டான்.

"வேண்டாம் மாப்ள."

"என்னத்தான், குத்தாலத்துல பாக்காத தண்ணியா? இது நம்ம ஊரு வாய்க்கா மாதிரில்லா கெடக்கு!"

"போர்டு வச்சிருக்காம்ல?"

"அவங்கள்லாம் குளிக்காங்களே, அவங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

கொஞ்சம் சத்தமாவே கத்திட்டேன். விருந்தாளியா வந்தவனை அத்தனை பேர் முன்னாடி திட்டுனது தப்புன்னு தங்கமணி முகத்துலயே தெரிஞ்சது. அவன் ஒண்ணும் பேசாம சட்டையைப் போட்டுக்கிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துட்டான்.

அப்புறம் யோசிச்சதுல, அவன் கேட்டதுலயும் ஒரு நியாயம் இருந்துச்சு. குத்தாலத்துல அவ்வளவு வேகமா விழுற தண்ணிக்குத் தலையைக் கொடுக்கிறோம், இந்த அமைதியான தண்ணிக்கு ஏன் பயப்படணும்? பதில் ரொம்ப சிம்பிள். குத்தாலம் பேரருவித் தண்ணி பாதியில பொங்குமாங்கடல்ல விழுந்து, வேகம் குறைஞ்சுதான் கீழே வருது. நாம நிக்கிறது அடிவாரத்துல. அது விழுந்து முடிச்ச தண்ணி. எமரால்டு பூல்ல இருக்கிறது இனிமேல் விழப் போற தண்ணி. கொஞ்ச தூரத்துல 317 அடி பள்ளம். அடியில இருக்கிற பாறையோ ஆறும் பனிப்பாறையும் சேர்ந்து தேய்ச்சுத் தேய்ச்சு மெருகு போட்டது. கால் வழுக்குனா பிடிக்க ஒண்ணும் கிடையாது.

2011 ஜூலையில இதே உச்சியில கம்பியைத் தாண்டி இறங்குன மூணு பேரைத் தண்ணி அடிச்சிட்டுப் போயிடுச்சு. "அது வெள்ளம் ஜாஸ்தியான நேரம், ஆகஸ்ட்ல என்ன"ன்னு கேட்கலாம். தண்ணி குறைஞ்சிருந்தா நமக்கு பயமும் குறையுது, அதுதான் சிக்கல். பாறையோட வழுக்கல் குறையாது, பள்ளத்தோட ஆழமும் குறையாது.

அதுக்காக விழுந்து முடிச்ச தண்ணியை மட்டும் முழுசா நம்பிட முடியுமா? 2024 மே 17ல பழைய குத்தாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் போய்ட்டான். மழை பெய்ஞ்சது மேல மலையில. "பொறந்ததுலேர்ந்து பாக்கிற தண்ணி"ன்னு நாம சொல்லிக்கலாம். தண்ணிக்கு நம்மளைத் தெரியாது.

திரும்பும்போது வெர்னல் உச்சிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மச்சினன் ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம், "அத்தான், பசிக்கி"ன்னான். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சேன். சமாதானம் ஆயிடுச்சுன்னு புரிஞ்சது. பங்குக்கு ஒரு அணிலும் வந்துச்சு (அதுக்குக் கொடுக்கக் கூடாது, அதுவும் விதி!).

குளிக்காம விடலை. கீழே இறங்கி, சமவெளியில சென்டினல் பீச் பக்கம் இடுப்பளவு தண்ணியில மச்சினன் ஒரு மணி நேரம் ஊறுனான். ஆகஸ்ட் கடைசியில அங்கே மெர்சிட் மெதுவாத்தான் ஓடும். மேல பார்த்த அதே தண்ணிதான்.

விழுந்து முடிச்சு வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.