கோமோவில் சோறு போட்ட கதை

போன மாதம் எங்கள் ஊர்க் கோயில் (சுவிஸில் இருக்கிற கோயில்தான், ஊர் என்று வாயில் வந்துவிட்டது) நிர்வாக சபையிலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். எல்லைப் பக்கம் வந்து நிற்கிற அகதிகளுக்குக் கம்பளியும் குளிர் உடுப்பும் சேர்க்கிறார்களாம். "அண்ணை, உங்களிட்டைப் பெரிய கார் இருக்கு, ஏத்தி இறக்க வருவீங்களே?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். கூடவே நானும் ஒன்றைக் கேட்டேன்.

"தம்பி, உடுப்போடை ஒரு துண்டுப் பேப்பரும் அடிச்சுக் குடுப்பமே? அவையின்ரை பாசையிலை. எல்லையிலை என்ன கேப்பினம், அவைக்கு என்ன உரிமை இருக்கு, ஆரிட்டைப் போய்க் கதைக்கலாம் எண்டு?"

மற்றப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அண்ணை, அது அரசியலாப் போயிடும். நாங்கள் உடுப்போடை நிப்பம்."

தம்பியில் கோபமில்லை. இதே வசனத்தை 2016 இல் கோமோவில் வேறு பாசையில் வேறு ஆளிடம் கேட்டேன். அன்றைக்கு நானும் தலையாட்டினேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அதற்கு முதல் 1991 க்குப் போக வேண்டும். அந்த ஒக்டோபரில் கோமோவுக்குப் பக்கத்தில் ஒரு இருட்டு றோட்டில் எங்கள் நாலு பேரையும் ஏஜென்சிக்காரன் காரிலிருந்து இறக்கிவிட்டான். அவன் தந்தது ஒரு போத்தல் தண்ணி, ஒரு பக்கற் பிஸ்கற், ஒரு சொல், ஒரு கதை. சொல், 'அசூல்'. அந்த ஒற்றை ஜேர்மன் சொல்லை மலையேறி இறங்கும்வரை பாடமாக்கினோம். ஒருவன் 'அசல், அசல்' என்று சொல்லிக்கொண்டு வந்தான். வாழைச்சேனைக்காரன், பாவம், விடியும்வரை திருத்திக்கொண்டே வந்தோம்.

கதைதான் பிரச்சினை. நாலு பேருக்கும் ஒரே கதை. பிடித்த இடம், பிடித்த திகதி, அடித்த விதம் எல்லாம் அச்சொட்டாக ஒன்று. கியாசோ பதிவு நிலையத்தில் இன்ரர்வியூவுக்குக் கூப்பிட்டபோது எனக்குத் திகதி மறந்துபோனது. பயத்தில் எனக்கு நடந்ததையே சொல்லிவிட்டேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

எங்களோடு வந்த உரும்பிராய்ப் பெடியன் ஞாபகசக்திக்காரன். ஏஜென்சி சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தான். அவனுடைய சொந்தக் கதை அந்தக் கதையை விடப் பத்து மடங்கு பாரமானது. கொழும்பில் வைத்திருந்து செய்ததெல்லாம் முதுகில் எழுதிக் கிடந்தது. அதை அவன் சொல்லவில்லை. சொன்னால் 'இயக்கம்' என்று திருப்பி அனுப்புவார்கள் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அடுத்த இன்ரர்வியூவில் கதை முன்னுக்குப் பின் முரணாகி நெகட்டிவ் வந்தது. 1996 இல் யாரோ ஒருவரின் பாஸ்போட்டில் பிரான்சுக்குப் போய்விட்டான். 2000 ஆம் ஆண்டு, 1992 முடிவதற்கு முன் வந்து முடிவில்லாமல் கிடந்தவர்களுக்கு சுவிஸ் அரசு தற்காலிக அனுமதி கொடுத்தபோது (அதில் பெரும்பங்கு எங்கடை ஆக்கள்தான், உங்களில் சிலருக்கு அந்தக் காட் ஞாபகம் இருக்கும்) அவன் பாரிசில் ஒரு உணவுக்கடையின் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.

பதிவு நிலையத்தில் எங்களுக்குக் கட்டில் தந்தார்கள், சூப் தந்தார்கள், சோடி சப்பாத்தும் தந்தார்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'உன்ரை கதையைச் சொல்லு, அதுதான் உனக்கு நல்லது' என்று எல்லையைத் தாண்ட முன் எங்கள் மொழியில் ஒரு ஆள் சொல்லியிருந்தால் அவனுடைய வாழ்க்கை வேறு. ஏஜென்சிக்காரனைத் தவிர எங்களோடு கதைக்க ஆளிருக்கவில்லை.

இனி 2016. அந்த யூன் 5 இல் இங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அசூல் கேட்கிற ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலிருந்தே இலவசமாகச் சட்ட ஆலோசகர் கொடுப்பது, வழக்கைக் கெதியாக முடிப்பது என்று ஒரு திருத்தம். மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் ஆம் என்றார்கள். நானும் போட்டேன், சிவப்புப் பாஸ்போட் கிடைத்தபிறகு நான் மனம் நிறைந்து போட்ட வாக்கு அதுதான். ஒரு கலியாண வீட்டில் எங்கடை ஆள் ஒருவர், அவரும் அசூல் அடித்து வந்தவர்தான், "உவங்களுக்கு என்னத்துக்கு ஓசி வக்கீல்?" என்று கேட்டார். அவர் தன் வழக்குக்கு எழுதிக் கொடுத்தவருக்கு எத்தனை ஆயிரம் பிராங் அழுதவர் என்பது எனக்குத் தெரியும். பந்தியில் வைத்துச் சொல்லவில்லை.

வாக்கெடுப்பு முடிந்து அதிக நாள் ஆகவில்லை, கோமோவில் சனம் சேரத் தொடங்கியது. மிலானோவிலிருந்து ரயிலேறி கியாசோவில் இறக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், சான் ஜியோவானி ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற பூங்காவில் படுத்தார்கள். பெரும்பாலும் எரித்திரியா, எதியோப்பியா, சோமாலியாச் சனம். ஓகஸ்டில் ஐந்நூறு பேரளவில் இருந்தார்கள். அதில் தனியாக வந்த பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் கனபேர். ரெபியோ பங்கின் பாதிரியார் டொன் ஜூஸ்தோ தன்னுடைய இடத்தைத் திறந்துவிட்டார். எல்லையின் இந்தப் பக்கமிருந்து தெசின் மாநிலப் பாராளுமன்ற உறுப்பினர் லிசா பொசியா மிர்ரா ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போய்ச் சாப்பாடு கொடுத்தார்.

எங்களில் ஐந்து பேரும் போனோம். ஒரு தொண்டர் குழுவோடு சேர்ந்து கிழமையில் இரண்டு நாள். கோயில் மடைப்பள்ளியில் விடிய நாலு மணிக்கு மரக்கறிச் சோறு அவித்து, கோத்தார்ட் தாண்டிக் கொண்டுபோகிற வேலை.

நிவாரணம் நடத்துவதென்றால் என்னவென்று அங்கேதான் பழகினேன். முதல் கிழமை வந்து குவிந்த சப்பாத்தெல்லாம் 44, 45. நிற்கிறவர்களுக்கு வேண்டியது 40, 41. ஓகஸ்ட் வெயிலில் ஒரு லொறி நிறையக் குளிர் ஜாக்கெற் வந்தது. அதை வைக்க இடமில்லாமல், வைத்த இடத்துக்குக் காவல் போட ஆளில்லாமல் அல்லாடினோம். சாப்பாட்டு வரிசையில் அடிபடாமல் இருக்க முதலில் துண்டு கொடுத்தார்கள், துண்டை விற்கிறார்கள் என்று பிறகு நிறுத்தினார்கள், அடிபாடு வந்ததும் திரும்பவும் கொடுத்தார்கள். எதற்கு உண்மையில் தட்டுப்பாடு என்றால் போன் சார்ஜ் பண்ணுகிற பிளக்குக்கு. ஒரு நீட்டு வயரும் பத்துப் பிளக்கும் கொண்டுபோன அன்றைக்கு என்னைச் சுற்றி நின்ற கூட்டம் சோற்றண்டாவைச் சுற்றியும் நின்றதில்லை. வீட்டோடு கதைக்க, வழி பார்க்க, எல்லை திறந்திருக்கா என்று விசாரிக்க எல்லாம் அதுதான். ஆனால் நன்கொடைப் பட்டியலில் பிளக் எழுதுகிற வழக்கம் யாருக்கும் இல்லை.

அங்கே ஒரு பதினாறு வயது எரித்திரியப் பெடியன். கொஞ்சம் இங்கிலீஸ் தெரியும். என்னிடம் இரண்டாம் தரம் சோறு வாங்குகிறபோது, தன் தாய்மாமன் சூரிச்சில் இருப்பதாகச் சொன்னான். பிறகு கேட்டான், ரயிலில் பொலிஸ் வந்தால் தான் என்ன சொல்ல வேண்டும் என்று.

எனக்குப் பதில் தெரியும். அது ஒற்றைச் சொல். நான் அந்தச் சொல்லோடு அதே மலையைத் தாண்டியவன்.

ஆனால் முதல் நாளே எங்கள் குழுவை நடத்தியவர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நாங்கள் சாப்பாட்டோடு நிற்போம், ஆலோசனை சொல்லக்கூடாது, பிழையாகச் சொன்னால் வழக்கு வரும், அனுமதி போகும், எல்லாச் சனமும் பட்டினி கிடக்கும். ஒரு பேப்பரில் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஐந்நூறு வயிற்றைத் தலையில் சுமக்கிற ஆள் அப்படித்தான் யோசிப்பார்.

"வெள்ளிக்கிழமை ஒரு மேசை போடுவினம், சட்டம் தெரிஞ்சவை வருவினம், அவையைக் கேள்" என்றேன் பெடியனிடம். அன்றைக்குத் திங்கள்.

அவன் வெள்ளி மட்டும் இருக்கவில்லை. செவ்வாய் ரயிலேறினான். வியாழன் நாங்கள் போனபோது அதே பூங்காவில் அதே மரத்தடியில் இருந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டார்களாம். சூரிச் என்றானாம். என்னத்துக்கு என்று கேட்டார்களாம். மாமாவிடம் போய் வேலை செய்து அம்மாவுக்குக் காசு அனுப்ப என்றானாம். முழு உண்மை! அசூல் கேட்காதவனைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது, 2000 ஆம் ஆண்டிலிருந்து இத்தாலியோடு அதற்கு ஒப்பந்தமும் இருக்கிறது. அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வளர்ந்த ஆளென்றால் அசூல் கேட்டாலும், இத்தாலியில் கைரேகை வைத்ததைக் காட்டி டப்ளின் சட்டத்தில் திருப்பியிருப்பார்கள். தனியாக வந்த சிறுபிள்ளைக்கு அப்போதிருந்த டப்ளின் விதியே வேறு. சட்டப்படி இருக்கிற மாமன் பார்த்துக்கொள்ள முடியுமென்றால் பிள்ளையை அங்கே சேர்க்கத்தான் அந்த விதி சொன்னது. என்னுடைய கரண்டியில் சோறு இருந்தது, வாயில் அந்தச் சொல் இருந்தது. சோற்றை மட்டும்தான் போட்டேன்.

அன்றைக்கு ஒரு பேப்பர் நப்கினில், ஜேர்மனிலும் இத்தாலியனிலும், 'எனக்கு வயது பதினாறு, நான் அசூல் கேட்கிறேன், என் மாமன் சூரிச்சில் இருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துப் பொக்கற்றில் வைத்தான். அடுத்த கிழமை அவனைக் காணவில்லை. உள்ளே போனானா, வேறு பாதையால் போனானா, தெரியாது.

இதில் நீங்கள் கேட்கக்கூடியது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் எல்லாரும் அதைத்தானே சொல்வார்கள்? இல்லை. கோமோவில் நின்றவர்களில் கனபேர் சுவிஸில் தங்க விரும்பவே இல்லை, ஜேர்மனிக்குப் போகத்தான் நின்றார்கள். இங்கே அசூல் கேட்டால் பிறகு ஜேர்மனியில் கேட்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டிய விசயம்தான். சரியான தகவல் ஆளை இழுக்கவும் செய்யும், நிறுத்தவும் செய்யும். நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பூங்காவில் யாரும் பேசாமல் இருக்கப் போவதில்லை. ஏஜென்சிக்காரன் பேசுவான், காசுக்கு, பிழையாக. உரும்பிராய்ப் பெடியனுக்குப் பேசினதைப்போல.

பயம் வீண்பயம் என்றும் சொல்ல மாட்டேன். லிசா பொசியா மிர்ரா 2016 செப்ரெம்பர் தொடக்கத்தில் பிடிபட்டார். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்ட உதவினார் என்று 2017 இல் தண்டம் விதித்தார்கள். 2008 க்கு முன்னிருந்த சட்டத்தில் நல்ல நோக்கத்தோடு அகதிக்கு உதவினவருக்குத் தண்டனை இல்லை என்று ஒரு வரி இருந்தது. புதிய சட்டத்தில் அது இல்லை. திரும்பச் சேர்க்கச் சொல்லி வந்த பிரேரணையை 2020 இல் பாராளுமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் ஆளைக் காரில் ஏற்றி எல்லை தாண்டுவது ஒன்று, அவனுடைய உரிமையை அவனுக்குச் சொல்வது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பயந்ததுதான் நாங்கள் விட்ட பிழை.

இந்த நாட்டில் இது புதுக்கதையும் இல்லை. சென்ட்காலன் மாநிலப் பொலிஸ் தலைவராக இருந்த பவுல் குருனிங்கரை எங்கடை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். 1938 ஓகஸ்டில் ஒஸ்திரியா எல்லையை மூடியபிறகு வந்த யூதர்களை, மூடுவதற்கு முன் வந்தவர்கள் என்று திகதியை மாற்றி எழுதி உள்ளே விட்டார். உயிர் காத்தது பேப்பரில் இருந்த ஒரு திகதி. 1939 இல் வேலை போனது, 1940 இல் தண்டம், 1972 இல் வறுமையோடு செத்தார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது 1995 இல். இப்போது டீபோல்ட்சவ்வில் ஒரு பாலத்துக்கும், அவர் பந்தடித்த கழகத்தின் மைதானத்துக்கும் அவர் பெயர்.

2016 இல் நாங்கள் வாக்குப் போட்ட அந்த இலவச ஆலோசனை 2019 மார்ச்சிலிருந்து நாடு முழுக்க நடைமுறைக்கு வந்துவிட்டது. நல்ல விசயம். ஆனால் அது மத்திய முகாமின் கதவுக்கு உள்ளேதான் தொடங்குகிறது. ரயில் மேடையில் நிற்கிறவன் அந்தக் கதவுக்கு வெளியே. அங்கே நிற்பது நாங்கள்தான், சோற்றண்டாவோடும் கம்பளியோடும். முகாமுக்குள் அரசு செய்வதை ஒரு பக்கப் பேப்பரில் வெளியே செய்யச் சொல்கிறேன், அவ்வளவும்தான். திக்ரின்யாவில், தாரியில், அரபியில். சட்டம் தெரிந்த ஒருவர் ஒருதரம் பார்த்துத் திருத்தினால் பிழையாகச் சொல்கிற பயமும் போய்விடும். ஒரு கம்பளியின் காசில் நூறு பேப்பர் அடிக்கலாம்.

தம்பிக்கு நேற்றுத் திரும்ப எடுத்தேன். சனிக்கிழமை காரோடு வருகிறேன், உடுப்பு ஏற்றுகிறேன், பேப்பரை என் காசில் அடித்துக்கொண்டு வருவேன், சபைப் பெயர் அதில் இருக்காது என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

"அண்ணை," என்றார் போனை வைக்க முன், "எங்கடை அப்பா 90 இலை வந்தவர். அவருக்கும் ஆரும் ஒண்டும் சொல்லேல்லையாம்."

சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று இன்னும் சொல்லவில்லை.