காற்றோடு போவது சுலபம்

சென்ற ஆடி மாதம் நம் சங்கக் குடும்பங்கள் சில சேர்ந்து மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்தோம். தரிசனம் முடித்துப் பாலாற்றுப் பக்கம் இறங்கியபோது பிற்பகல் இரண்டு மணி. மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு எதிரே கடல்போல் விரிந்து கிடந்தது. பிள்ளைகள் பரிசல் ஏற வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். கரையோரத் தண்ணீர் அசையவே இல்லை. ஆனால் பரிசல்காரர் மறுத்துவிட்டார்.

"போறது சுளுவுங்க ஐயா. திரும்பி வாறதுதான் பெரும்பாடு" என்றார். நம்மவர் ஒருவர் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லியும் மசியவில்லை. எங்களுக்குக் கோபம்தான். எனக்கும்தான். வீடு திரும்பி யோசித்தபோதுதான் அந்த மனிதர் சொன்னது முழுக்கச் சரி என்று புரிந்தது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் பெரும்பாலும் வறண்ட காற்றாகவே வீசுகிறது. காலையில் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வேகமெடுக்கும். மேற்குக் கரையில் மலை மறைப்பதால் தண்ணீர் சாதுவாகத் தெரியும். அதுதான் ஏமாற்று. மறைவைத் தாண்டியதும் காற்று முதுகில் தள்ளும். திறந்த நீரில் எவ்வளவு தூரம் காற்று ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை உயரும். 1934-இல் கட்டி முடிந்த இந்த அணை 120 அடி நிறைந்தால் நீர் சுமார் 59 சதுர மைல் பரவும். அலை வளர இடத்துக்கா பஞ்சம்?

பரிசலோ வட்டமானது. படகுக்குள்ள அடிக்கட்டை அதற்கு இல்லை. காற்றோடு போகும்போது துடுப்பே வேண்டாம் போலிருக்கும். திரும்பும்போது சுழலுமே தவிர முன்னேறாது. ஆள் களைத்துப்போவது அங்கேதான்.

ரயில்வேயில் இந்தப் பாடத்தை நாங்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றோம். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. பின்னாளில் பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும் ஏற்பாடு வந்தது. எவ்வளவு பெரிய அதிகாரி வண்டியில் இருந்தாலும் வண்டி நிற்கும்.

பரிசல் துறையில் அந்தச் சிக்னல் பரிசல்காரரின் வாய்ச்சொல்தான். அதைப் பணத்தால் பச்சையாக்கப் பார்ப்பது நியாயமா?

ஆகவே நம் சங்கச் சுற்றுலாக்களுக்கு என் யோசனை இது. ஆனி, ஆடியில் நீர்ச்சவாரி வேண்டாம். மற்ற மாதங்களில் காலையிலேயே முடித்துக்கொள்வோம். மிதவைச் சட்டை இல்லாமல் குழந்தையை ஏற்ற வேண்டாம். பரிசல்காரர் வேண்டாம் என்றால் பேரம் பேசாமல் திரும்புவோம். அன்று பிள்ளைகள் முகம் வாடியது உண்மை. ஆனால் அத்தனை பேரும் இரவு வீட்டில் சாப்பிட்டார்கள்.